திரியாய் வரலாற்றிற் சந்தையும் ஊர்ப்பொதுமையும்

திருக்கோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 29 மைல் தூரத்தில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே அமைந்துள்ள பழம்பெரும் ஊர் திரியாய். ஒருபுறம் கடலும் களப்பும், மறுபுறம் காடு, நடுவே குளமும் வயலும் என்பது அதன் இயற்கை. நெல்லும் கால்நடையும் அவ்வூரவர் வாழ்வுக்கு ஆதாரம். காட்டுக்குளப்பற்று என்னும் பழைய நிருவாகப் பிரிவில் அடங்கிய இவ்வூரின் பெயரை வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் ஒரு மலையும் அதன் உச்சியிலுள்ள பௌத்தச் சின்னமும் நிலைநிறுத்தியுள்ளன. ஆயினும் திரியாய் தரும் வரலாற்றுப் பாடம் சமயவரலாற்றுடன் முடிந்துவிடுவதன்று. மனிதர் தம் தேவைகளைத் தேடிப் பெறுவதற்குச் சந்தை ஒன்றே வழியா, அன்றி ஊரார் கூடி நடத்தும் பொது ஒழுங்குகளுக்கும் இடமுண்டா என்னும் வினாவுக்கு இவ்வூரும் இதன் அயலும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக விடை கூறி வந்துள்ளன.

சந்தை என்பது நேற்றுத் தோன்றியதன்று. வணிகமும் பண்டமாற்றும் மனித நாகரிகத்தின் பழைய உறுப்புகள். ஆனால் நிலம், நீர், உழைப்பு ஆகிய யாவும் விலைக்குரிய பண்டங்களே என்றும், விலையே அவற்றை யார் எவ்வளவு அனுபவிப்பது என்று தீர்மானிக்கத் தக்கது என்றும் கொள்ளும் கருத்து அண்மைக் காலத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பெரும்பிழை. திரியாய் வரலாறு இவ்வேற்றுமையைத் தெளிவாக விளக்குகின்றது.

கல்லிற் காணும் வணிகர்

ஊரவர் கந்தசாமிமலை என வழங்கும் குன்றின்மீது பழைய தூபியொன்றும், அதனைச் சூழ்ந்த கற்றூண் வரிசைகளும் உள்ளன. குன்றிலுள்ள பாறையொன்றிற் பல்லவ கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் காணப்படுகின்றது. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டுக்குரியதென அறிஞர் கொள்வர். பேராசிரியர் செனரத் பரணவிதான அதனை ஆராய்ந்து வெளியிட்டார். கிரிகண்டி சைத்தியம் எனப்படும் வழிபாட்டிடத்தைப் புகழும் அச்சாசனம், அதனை அமைத்தோராக வணிகர் கணத்தாரைக் குறிப்பிடுகின்றது. அவர்கள் கடலோடுதலில் வல்லவர்கள். பல்வகைப் பண்டங்களைக் கலங்களில் ஏற்றி வாங்கி விற்போர். அவர்களுடைய பெயர்கள் புத்தருக்கு முதல் உணவளித்த தபுசு, பல்லிகர் என்னும் வணிகரின் பழங்கதையை நினைவூட்டுவன.

இங்கே உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. அச்சாசனத்திற் பேசப்படுவோர் தனித்தனி வியாபாரிகள் அல்லர், கணமாகக் கூடியோர். தாம் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதியைத் தமக்குச் சொந்தமல்லாத கரையில், எல்லோரும் வழிபடத்தக்க பொதுவிடத்துக்கு அவர்கள் வழங்கினர். கடல் கடந்த வணிகம் பெருகிய இடத்திலேயே வணிகத்துக்கு மேற்பட்ட கடமையும் கல்லில் எழுதப்பட்டது.

பிற்காலத்திலும் இப்போக்கு மாறவில்லை. திரியாயின் பின்புலத்தில் அமைந்த பதவியாப் பகுதியிலும் வாகல்கடையிலும் ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகர் குழுவுடன் தொடர்புடைய சாசனங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவெங்கும், கடலுக்கு அப்பாலும் பரந்து வாணிகம் செய்த அக்குழுவினர் தமக்கெனச் சட்டமும் சமயமும் காவலும் கொண்டிருந்தனர். அவர்கள் தங்கிய பட்டினங்கள் எறிவீரபட்டினம் முதலிய பெயர்கள் பெற்றன. இலாபம் அவர்களுடைய நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் குழுவின் கட்டுப்பாட்டை மீறித் தனியொருவர் இலாபம் தேடும் நிலை அவர்களுடைய ஒழுங்குக்கு அந்நியமானது.

சபையும் கோயிலும் குளமும்

சோழராட்சிக் காலத்தில் திருக்கோணமலைப் பிரதேசத்தில் ஊர்ப்பொது நிறுவனங்கள் மேலும் தெளிவாகத் தோன்றுகின்றன. கந்தளாயில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயம் இருந்ததையும், அதன் பெருங்குறிப் பெருமக்கள் கூடி முடிவு செய்ததையும் தமிழ்ச் சாசனம் காட்டுகின்றது. பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள இராசராசப் பெரும்பள்ளி என்னும் பௌத்தப் பள்ளிக்கு நந்தாவிளக்கெரிக்கப் பசுக்கள் அளிக்கப்பட்டன. இத்தகைய கொடையின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அளிக்கப்பட்ட மந்தை விற்பதற்கன்று. அதைப் பேணுவோர் பாலையும் கன்றையும் அனுபவித்து, விளக்குக்குரிய நெய்யை மட்டும் தவறாது கொடுத்தல் வேண்டும். மூத்தவை இறப்பினும் கன்றுகள் வளர்வதனால் மந்தை குறைவதில்லை. முதல் குறையாமல் அதன் பயனை மட்டும் பொதுவுக்கு உரியதாக்கும் இம்முறையே இக்காலத்து அறக்கட்டளைகளுக்கும் அடிப்படை.

நிலாவெளியிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் திரியாயுடன் நேரடித் தொடர்புடையது. கி.பி. 10ஆம் அல்லது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, கோணமலையிலுள்ள மச்சகேசுவரத்து மகாதேவருக்கு நிவந்தமாக 250 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகின்றது. அந்நிலம் அமைந்த இடங்களுள் ஒன்றாகக் கிரிகண்ட கிரிகாமம் என்னும் பெயர் வருகின்றது. வணிகர் கணத்தார் கல்லிற் பொறித்த கிரிகண்டி என்னும் பெயருடன் இஃது ஒத்திருத்தலின் திரியாய்ப் பகுதியையே இது குறிப்பதாக ஆய்வாளர் கருதுவர். ஒரே இடத்தின் பெயர் பௌத்தச் சைத்தியத்துக்குரிய வடமொழிச் சாசனத்திலும் சிவன் கோயிலுக்குரிய தமிழ்ச் சாசனத்திலும் வழங்கியமை சிந்திக்கத்தக்கது. சமயம் வேறாயினும், செல்வத்தின் ஒரு பங்கு பொதுவுக்குரியது என்னும் நெறி ஒன்றே.

கவிராசவரோதயன் இயற்றியதெனப்படும் கோணேசர் கல்வெட்டு பெயரளவிற் கல்வெட்டாயினும் உண்மையில் ஏட்டில் எழுதப்பட்ட நூலாகும். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயிலைத் திருத்தி, கந்தளாய்க் குளத்தைக் கட்டி, மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளை வரவழைத்துத் தானத்தார், வரிப்பத்தார் எனக் கோயிற்பணிகளிலும் வயற்பணிகளிலும் அமர்த்தியதாக அது கூறும். குளக்கோட்டன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் அந்நூல் காட்டும் பொருளியல் ஒழுங்கு வியக்கத்தக்கது. குளம் வயலுக்கு நீர் தரும். வயல் கோயிலுக்கு நெல் தரும். கோயில் ஊர்களை ஒன்றிணைக்கும். ஊர்கள் குளத்தைக் காக்கும். காட்டுக்குளப்பற்றும் இச்சுற்றுக்குள் அடங்கியிருந்தது.

இவ்வொழுங்கைப் பொற்காலமெனப் பாராட்டிவிட்டு அமைதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. அங்கே ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு. ஆனால் அக்கடமையைத் தெரிவுசெய்யும் உரிமை எல்லோருக்கும் இல்லை. பிறப்பினால் வகுக்கப்பட்ட தொழும்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பணி கனமாயிருந்தவரும் மதிப்புக் குறைந்திருந்தவரும் ஒருவரேயாயினர். ஊர்ப்பொதுமை என்பது பாதுகாப்பாக மட்டுமன்றித் தளையாகவும் அமைதல் கூடும் என்பதை மறத்தல் தகாது.

1620களின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கோயில் அழிந்தபோது வழிபாட்டிடம் மட்டுமன்று, பல ஊர்களை இணைத்த பொருளியல் நடுவமும் அழிந்தது. பின்னர் ஒல்லாந்தர் காலத்தில், 1786ஆம் ஆண்டில், திருக்கோணமலை ஆளுநர் வான் சென்டன் தம் ஆட்சிப் பகுதியைச் சுற்றிப்பார்த்து நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்தைப் பற்றியே கவலை கொண்ட ஐரோப்பியர், அதன் பின்னாலுள்ள குளங்களையும் வயல்களையும் கருத்திற் கொள்ளத் தொடங்கியமைக்கு அது சான்று.

குளம் யாருடையது?

குளத்தின் இயல்பை அறியாதார்க்கு மேற்கூறியவற்றின் பொருள் முழுமையாக விளங்காது. வறண்ட வலயத்திலே மாரிமழை சில மாதங்களில் வந்து போகும். அந்நீரைத் தேக்கிவைத்தாலன்றிப் பயிர் விளையாது. தேக்குவதற்கு அணைக்கட்டு வேண்டும். கட்டில் முளைக்கும் மரங்களை வெட்டுதலும், கரையும் மண்ணை நிரப்புதலும், மதகைப் பேணுதலும், வெள்ளம் மிஞ்சும்போது வான் பாயும் வழியைத் துப்புரவாக வைத்தலும் ஆண்டுதோறும் நிகழவேண்டும். ஒருவன் தன் வயலுக்கு மட்டும் கட்டைத் திருத்தமுடியாது; திருத்தினால் எல்லார்க்குமே திருத்தியவனாவான். ஒருவன் மட்டும் திருத்தாதுவிடின் எல்லார் உழைப்பும் வீணாகும். கட்டின் ஒரு முழம் உடைந்தாலும் குளம் முழுதும் வெறுமையாகும்.

நீர்ப் பங்கீடும் அத்தகையதே. விதைக்கும் நாள், நீர் திறக்கும் நாள், மாடுகளை வயல்வெளியினின்றும் அகற்றும் நாள், வேலி அடைக்கும் நாள் ஆகிய யாவற்றையும் காணிக்காரர் ஒருங்குகூடி உறுதிசெய்தல் வேண்டும். ஒருவன் பிந்தி விதைத்தால் அவனுக்காகக் குளத்து நீரைப் பின்னும் திறந்துவிட நேரும். ஒருவன் வேலியை அடையாதுவிடின் அயலான் பயிரை மாடு மேயும். சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டுகளிற் குளத்தை அடுத்த வயற்பகுதியை மட்டும் விதைத்து, அதனை எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் பங்கின்படி அவ்வாண்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வறண்ட வலயத்திற் பரவலாக இருந்தது. சிங்கள ஊர்களில் இது பெத்ம எனப்படும். தன் காணி தரிசாகக் கிடக்க, அயலான் காணியில் ஒரு துண்டை ஒருவன் உழுகின்றான், காணிக்குரியவனும் தடுக்கவில்லை. விலைகொடுத்து நீரை வாங்கும் முறையிருப்பின் பணமுள்ளவன் வயல் விளையும், ஏனையோர் வயல் காயும். பெத்ம முறையிலோ பஞ்சம் எல்லார்க்கும் சமமாகப் பங்கிடப்படுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சி இவ்வொழுங்கின் அடித்தளத்தை அசைத்தது. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியமை மனித உரிமை நோக்கில் வரவேற்கத்தக்கதே. ஆனால் குளக்கட்டுப் பணிக்கு ஊராரை அழைக்கும் அதிகாரமும் அதனுடன் நீங்கியது; அதன் இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியன எனக் கொண்டது. ஊரார் பொதுவாக அனுபவித்த மேய்ச்சற் காடும் சேனை நிலமும் இவ்வாறு உரிமையற்றவையாயின. கூலிக்கு ஆளமர்த்திக் கட்டைத் திருத்தும் செல்வம் ஊர்களில் இல்லை. குளங்கள் தூர்ந்தன.

இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அரசே தன் வழியைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய ஊர்வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்த வழிசெய்தது. காணிக்காரர் கூட்டம் கூடித் தம் வழக்கங்களை வகுக்கவும், நீர்ப்பங்கீட்டைக் கண்காணிக்க அலுவலரைத் தெரியவும், மீறுவோரை விசாரிக்கவும் இடமளிக்கப்பட்டது. கிழக்கு மாகாணத்தில் வட்டை விதானையார் என மக்கள் மதித்த பதவி இவ்வாறே சட்டத்தின் துணையும் பெற்றது. இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களைத் திருத்தும் வேலையும் அக்காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. தனியுடைமையும் தடையில்லா வணிகமும் செழிப்பைத் தரும் என்று உலகெங்கும் போதித்த அரசே, நெல்வயலுக்கு வந்தபோது ஊர்வழக்கத்தின் உதவியை நாடியது. இலங்கைப் பொருளியல் வரலாற்றில் இதனிற் சிறந்த பாடம் வேறில்லை.

ஐக்கிய சங்கங்களின் எழுச்சியும் தளர்ச்சியும்

பழைய ஊர்ப்பொதுமை பிறப்பாலும் வழக்கத்தாலும் அமைந்தது. விருப்பத்தால் அமையும் பொதுமை கூட்டுறவாக வந்தது. இங்கிலாந்தில் றொச்டேல் நெசவாளர் 1844இற் பண்டகசாலை தொடங்கினர். ஜெர்மனியில் றைபைசன் கமக்காரர்க்குக் கடன் சங்கங்களை அமைத்தார். இந்தியாவில் 1904ஆம் ஆண்டும் இலங்கையில் 1911ஆம் ஆண்டும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நெல் விளையுமுன்னே அதனை வட்டிக்காரனுக்கு ஈடுவைத்த கமக்காரனுக்கு, ஐக்கிய நாணய சங்கம் புதியதொரு வழியைக் காட்டியது. அங்கே பிணை நிலமன்று. அயலாரின் நம்பிக்கையே பிணை.

இவ்வியக்கம் தமிழர் மத்தியில் ஆழமாக வேரூன்றியது வடமாகாணத்திலாகும். திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய யாழ்ப்பாணச் செய்கையாளர் இடைத்தரகரின் பிடியினின்றும் விடுபட 1934இல் மலையாளப் புகையிலை ஐக்கிய வியாபாரச் சங்கத்தை நிறுவினர். மூளாயில் 1936இற் கூட்டுறவு வைத்தியசாலை தோன்றியது. முன்னையது சந்தையை வெறுத்து ஒதுங்கவில்லை. ஒன்றுகூடி அதனுள் நுழைந்தது. பின்னையது நோய் தீர்த்தலை விலைக்கு அப்பாற்பட்ட ஊர்க்கடனாக்கியது.

திருக்கோணமலை மாவட்டத்தில் உலகப்போரே சந்தையின் நிலையின்மையை உணர்த்தியது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதற்குச் சற்று முன்னரே பர்மாவின் இரங்கூன் நகர் வீழ்ந்து, இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. பணம் இருந்தும் அரிசி இல்லாத நிலையில், பங்கீட்டுக்கென ஐக்கிய பண்டகசாலைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் தோன்றின. போர்க்காலத்திற் கடற்படைத்தளம் வேலையும் கூலியும் தந்தது. 1957இற் பிரித்தானியர் அத்தளத்தைக் கையளித்து நீங்கியபோது அவ்வேலைவாய்ப்பும் சுருங்கியது. துறைமுகத்தின் செழிப்பு உலகின் போருக்கும் சமாதானத்துக்கும் ஏற்ப ஏறியும் இறங்கியும் வந்தது. குளத்தின் செழிப்பு மழைக்கும் ஊராரின் ஒற்றுமைக்கும் மட்டுமே கட்டுப்பட்டது.

அக்காலத்திலே உலக அறிஞரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். கார்ல் பொலனி 1944இல் வெளியிட்ட நூலில், நிலமும் உழைப்பும் பணமும் விற்பனைக்கென உண்டாக்கப்பட்டவை அல்ல என்றும், அவற்றைப் பண்டங்களாக நடத்தும் சமுதாயம் தன்னையே குலைத்துக்கொள்ளும் என்றும் விளக்கினார். தஞ்சாவூரிற் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தில் நின்று, இயற்கையை அழித்து வாழும் பொருளியலையும் நிலைத்து வாழும் பொருளியலையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னவர் ஐரோப்பாவின் சிதைவைக் கண்டு எழுதினார். பின்னவர் இந்தியக் கிராமத்தைக் கண்டு எழுதினார். இருவர் கூற்றையும் குளத்துக் கமக்காரன் ஏட்டிற் படிக்காமலே அறிவான்.

சுதந்திரத்தின் பின் அரசு கூட்டுறவைத் தன் கருவியாக்கியது. 1957இற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1970களின் தொடக்கத்திற் சிறு சங்கங்கள் ஏறத்தாழ 370 பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருந்த சங்கம் அலுவலகமாக மாறியது. அயலார் நம்பிக்கை போய்க் கோவை வந்தது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது இச்சங்கங்கள் போட்டியில் தளர்ந்தன. சந்தை அவற்றை வென்றது என்பர் சிலர். அதற்கு முன்னரே அவை ஊராரின் கையினின்றும் நழுவியிருந்தன என்பதே உண்மை.

ஊர் மீண்டபோது

1980களின் நடுப்பகுதியில் உள்நாட்டுப் போர் திரியாயை எரித்தது. வீடுகள் அழிந்தன, உயிர்கள் மாண்டன, மக்கள் அகதிகளாயினர். 1990இல் மீண்டும் இடப்பெயர்வு நிகழ்ந்தது. மக்களில்லா ஊரில் வயல் காடாகிற்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னும், 2009இற் போர் முடிந்த பின்னும் மக்கள் படிப்படியாகத் திரும்பினர்.

திரும்பியவர்களுக்கு வீடு கட்டப் பணம் உதவக்கூடும். ஆனால் தனியொருவர் பணத்தால் ஊர் உண்டாவதில்லை. காட்டை வெட்டி வயலை மீட்கவும், வரம்பு காணவும், வாய்க்கால் வெட்டவும், உறுதிகள் தொலைந்த இடத்து யாருடைய காணி எதுவெனச் சான்று கூறவும் அயலார் வேண்டும். பத்திரம் எரிந்துபோனபோது அயலாரின் நினைவே பத்திரமாயிற்று. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புகள் இன்று வட்டை விதானையார் காலத்துக் கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

காணி பற்றிய கவலை இன்னும் நீங்கவில்லை. கிழக்கு மாகாணத்துத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இற் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்ட காலத்தையொட்டி, திரியாய்ச் சூழலிற் பயிர்ச்செய்கைக் காணிகளின் எல்லையும் உரிமையும் பற்றிப் பிணக்குகள் எழுந்தன. மலைமேலுள்ள கல்லைக் காத்தலும் மலையடியிலுள்ள வயலைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அக்கல்லை நாட்டியோர் கடல்வழி வந்த வணிகர், பொதுவுக்குக் கொடுத்தோர். அவர்களுடைய கொடையைக் காரணங்காட்டி ஊராரின் பொதுவைக் குறைப்பது அச்சாசனத்தின் கருத்துக்கு மாறானது.

மற்றோர் எச்சரிக்கையும் அண்மையிற் கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கைப் பசளையின் நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் விதைப்பவனைக் கேளாமல் வந்த கட்டளை வயல்களில் விளைச்சலைக் குறைத்தது. சில மாதங்களில் அது மீளப்பெறப்பட்டது. 2022இற் பொருளாதார நெருக்கடி வந்து பணத்தின் மதிப்பும் வீழ்ந்தது. முன்னது அரசின் பிழை. பின்னதில் அரசும் சந்தையும் ஒருங்கே தவறின. இரண்டிலும் சுமையைத் தாங்கியவன் கமக்காரன். முடிவெடுத்த இடத்தில் அவன் இல்லை.

திரியாய் வரலாறு சந்தையை ஒழிக்கச் சொல்லவில்லை. வணிகர் கணத்தார் நாட்டிய கல்லே அவ்வூரின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று. அரசை ஒதுக்கவும் சொல்லவில்லை. 1856இல் ஊர்வழக்கத்துக்குக் கைகொடுத்ததும் அரசே. வரலாறு சொல்வது இது: விலைக்கு அகப்படாத பொருள்கள் சில உள, அவற்றை அனுபவிப்போரே கூடி ஆளுதல் வேண்டும். அக்கூட்டத்திற் பழைய தொழும்பின் உயர்வுதாழ்வு மீளாதிருத்தல் வேண்டும். பெண்களும் காணியற்ற கூலியாளரும் அங்கே சொல்லுரிமை பெறுதல் வேண்டும். மாரி வருமுன்னே கட்டைப் பார்க்க யார் யார் வந்தனர் என்பதைக்கொண்டே ஊரின் செல்வத்தை மதிப்பிடலாம்.